அந்த ஜிபிஎஸ் போர்டு என்னன்னு கண்டுபிடிச்சு கொடுத்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில பழைய சாமானோட சாமானா கெடந்த அந்த பேர் ஊர் இல்லாத ஜிபிஎஸ் போர்டு (சாட்டிலைட் சிக்னல வாங்கி இடமும் நேரமும் சொல்றது), ராக்வெல் கம்பெனியோட ஜுப்பிட்டர் மாடல்தான்னு உறுதியாயிருச்சு. கைகொடுத்த எல்லாருக்கும் மொத்தமா ஒரு வரியில நன்றி போட்டுட்டு போக மனசு வரல, ஏன்னா ஆளுக்கு ஒரு துண்டா நீங்க கொடுத்ததாலதான் விஷயம் வெளிய வந்துச்சு.

மொதல்ல பட்டர்வொர்த் ஐயா. நான் அனுப்புன படத்த பாத்துட்டு ஆளாளுக்கு ஒரு கம்பெனி பேர் சொல்லிக்கிட்டு இருந்தப்ப, நீங்க மட்டும் "தம்பி, கரண்ட் கொடுக்குறத பத்தி இப்ப நெனைக்காத, கிரவுண்ட் எங்க இருக்குன்னு பாரு"ன்னீங்க. கிரவுண்ட்னா கரண்ட் திரும்பி வர்ற பொது முனை, தகர மூடியும் அதோடதான் சேந்திருக்கும். ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு, சிப்பு மேல தகர மூடி சால்டர் பண்ணியிருக்கு, வெளிய தெரியிறது 20 பின் மட்டும்தான். நீங்க சொன்ன மாதிரியே மல்டிமீட்டரோட ஒரு முனைய தகரத்துல வெச்சு இன்னொரு முனைய பின் பின்னா நகத்திக்கிட்டே போனா 10, 13, அப்புறம் வரிசையா 16, 17, 18 எல்லாம் பீப்னு கத்துச்சு. இந்த அஞ்சும் இப்படி அமைஞ்சத பாத்ததும்தான் நீங்க "ஜுப்பிட்டரா இருக்கலாம், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்"னு சொன்னீங்க. அந்த நிதானத்துக்கே பெரிய கும்புடு ஐயா. அதே போர்டுல 5 வோல்ட் வகையும் இருக்கு 3.3 வோல்ட் வகையும் இருக்கு, அவசரப்பட்டு கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா பயமா இருக்கு.

கோலாலம்பூர் தம்பிக்கு அடுத்த நன்றி. இந்த பின்னுக்கு நடுவுல இடைவெளி 2 மில்லிமீட்டர், நாம வழக்கமா வெச்சிருக்குற ஜம்பர் வயர் 2.54, உள்ளயே போகாது. ஜாலான் பாசார்ல கடை கடையா ஏறி இறங்கி சரியான கனெக்டர வாங்கி போஸ் லாஜு கூரியர்ல அனுப்பி வெச்சதும் இல்லாம, ஆன்டெனாவுக்கு போற கரண்ட் பின் 1 வழியா தனியா கொடுத்தாத்தான் போகும்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி வேற வெச்சிருந்தீங்க. காசும் வாங்க மாட்டேன்னுட்டீங்க.

பாயான் லெப்பாஸ் அக்கா, உங்கள பத்தி எவ்வளவு சொன்னாலும் பத்தாது. ஷிஃப்ட் முடிச்சு வந்து ராத்திரியில என் ஹெக்ஸ் பதிவ (போர்டு அனுப்புற டேட்டாவ பதினாறு அடிமான எண்ணுல எழுதுனது) வரி வரியா பாத்தீங்க. டாலர் குறியோட எழுத்தா வந்தா என்எம்இஏங்கிற பொது வடிவம், ரெண்டு அட் (@) குறியோட வந்தா மோட்டரோலா கம்பெனி வடிவம், 10ல ஆரம்பிச்சு 10 03ல முடிஞ்சு ஒத்தப்படை பேரிட்டியில (பிழை பாக்குற பிட்) வந்தா டிரிம்பிள் கம்பெனி வடிவம்னு ஒவ்வொண்ணா தள்ளி வெச்சீங்க. கடைசியில செகண்டுக்கு 9600 பிட் வேகத்துல வெச்சு பாத்தப்ப செகண்டுக்கு ஒரு தடவ எஃப்எஃப் 81 ஈ8 03னு வந்துக்கிட்டே இருந்துச்சு பாருங்க, "இது ஸோடியாக், ராக்வெல் ஜுப்பிட்டர் டேட்டா அனுப்புற வடிவம், சின்ன பைட் முன்னாடி வரும், திருப்பி படி, 03ஈ8னா 1000, அது பொசிஷன் மெசேஜ்"னு நீங்க சொன்னப்ப எனக்கு புல்லரிச்சு போச்சு. பேர் எழுதாத ஒரு போர்டு தன் பேர தானே சொன்னத நான் கண்ணால பாத்தேன்.

தேதி மட்டும் கிட்டத்தட்ட 20 வருஷம் பின்னாடி காட்டுச்சு. போர்டு கெட்டுப்போகல, ஜிபிஎஸ் வாரக்கணக்கு 1024 ஆனதும் திரும்ப பூஜ்யத்துக்கு போயிரும், 1999லயும் 2019லயும் அப்படி ஆச்சு, பழைய ஃபர்ம்வேருக்கு (போர்டுக்குள்ள இருக்குற புரோகிராம்) அது தெரியாதுன்னு பொறுமையா விளக்குன ஈப்போ அண்ணனுக்கும் நன்றி. இடமும் செகண்டுக்கு ஒண்ணா வர்ற பல்ஸும் சரியாவே வருதுண்ணே.

இப்ப பின் 20ல வர்ற 10 கிலோஹெர்ட்ஸ வெச்சு என் ரேடியோவோட 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர (அலைய உண்டாக்குற சர்க்யூட்) அதோட பூட்டி துல்லியமாக்குற வேலையில இறங்கியிருக்கேன், அதுக்காகத்தான் இந்த போர்டு மேல எனக்கு இவ்வளவு ஆசை. பின் விவரத்த எல்லாம் தாள்ல சுத்தமா எழுதி வெச்சிருக்கேன், கேக்குறவங்களுக்கு அனுப்புறேன். அதே கடையில இதே மாதிரி இன்னும் சில போர்டு கெடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலையில போறேன், எடுத்துட்டு வந்து கிரவுண்ட் பாத்துட்டே தர்றேன்.