ஓடைக்கரை மோட்டார் அறைக்கு வெள்ளக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் குந்தா, எமரால்டு பக்கம் ஓடையோரம் மோட்டார் அறை கட்டுவோர் பலரும் கோடைத் தண்ணீரைப் பார்த்தே தளம் போடுகிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது அதற்குள் மறந்துவிட்டது போலும்.

பழைய வெள்ளம் விட்டுப்போன அடையாளங்களான புதரில் சிக்கிய சருகு, மரத்தண்டில் படிந்த சேற்றுக்கறை இவற்றில் உயரமானதை டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துச் சுவரில் குறிக்க வேண்டும். அடையாளம் அறைக்கு நேரே இருக்கட்டும். ஓடை சரிவானது, 50 மீட்டர் மேலே உள்ளது இங்கே பொருந்தாது.

50 ஹெக்டேர் தேயிலைச் சரிவில் மணிக்கு 60 மி.மீ. பெய்து, அதில் 60 சதவீதம் ஓடிவந்தால் வினாடிக்கு 5 கன மீட்டர். கீழே சாலைக்கடியில் 900 மி.மீ. குழாய் ஒன்றே என்றால் சுமார் ஒன்றரைதான் போகும். சீகை மரம் அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. மிச்சம் எதிர்த்து ஏறி அறைக்குள் வரும். 

மூழ்குவதைவிட அரிப்பே பெரிய ஆபத்து. ஓடை வளைவின் வெளிக்கரையில் கட்டவே கூடாது. அஸ்திவாரம் பாறை வரை இறங்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டி குறிக்கு மேல் 60 செ.மீ. உயரத்தில்.

வாசகர், நீலகிரி