ஒரு பருத்திக் கவுன், ஒரு தூக்குத் தண்டனை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரையில், 'கொலைகாரர்களையும் கொள்ளைக்காரர்களையும் கொண்டுபோய்க் கொட்டிய நாடு' என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பது வருடம் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளோடு கிடந்தவன் நான். அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் பிரிட்டன் தன் குற்றவாளிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. அப்படிப் போன மேரி வேட் என்ற சிறுமியின் வழக்கைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதைத் தாண்டாதவள். லண்டன் தெருக்களைப் பெருக்கி, பிச்சை கேட்டுப் பிழைத்தவள். 1788-ல் அவளும் ஜேன் வைட்டிங் என்ற பதினான்கு வயதுப் பெண்ணும், எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் உடுப்பைக் கழற்றிக்கொண்டார்கள். பருத்திக் கவுன் ஒன்று, தோளைச் சுற்றிப் போடும் லினன் துணி ஒன்று, குல்லாய் ஒன்று. கவுன் அடகுக் கடைக்குப் போனது. கைக்கு வந்தது 18 பென்னி. தோள் துணி மேரியின் அறையிலேயே அகப்பட்டது.

களவுபோன சொத்துப் பட்டியல்களை எத்தனையோ தடவை நகல் எடுத்திருக்கிறேன். பித்தளைக் குடம் ஒன்று, கொடியில் காய்ந்த வேட்டி இரண்டு, பழைய சைக்கிள் ஒன்று. மேரியின் பட்டியலும் அந்த ஜாதிதான்.

பறிகொடுத்த குழந்தை பட்ட பயம் சின்னதென்று நான் சொல்லவில்லை. அவளைக் கழிவுக்குழியில் தள்ளிவிட நினைத்ததாக மேரியே சொன்னாள் என்றும் சாட்சியம் இருக்கிறது. அதற்காகத் தூக்கா? வழிப்பறி என்று வழக்குப் பதிவானால் பொருளின் மதிப்பைப் பார்க்காத சட்டம் அது. 1789 ஜனவரியில் ஓல்டு பெய்லி நீதிமன்றம் இரண்டு பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

மார்ச் மாதம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தப்பிரமை தெளிந்தது. அந்தச் சந்தோஷத்தில், தூக்குக்குக் காத்திருந்த பெண்களின் தண்டனையை நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். மேரியின் உயிர் தப்பியது இப்படித்தான். 'லேடி ஜூலியானா' கப்பல் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களோடு 1790 ஜூனில் சிட்னி போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அவளைப் பசிபிக் கடலில் இருக்கும் நார்போக் தீவுக்கு அனுப்பினார்கள்.

1788 முதல் 1868 வரை அப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் திருட்டு வழக்குகள். கொலைக்கு பிரிட்டனிலேயே பெரும்பாலும் தூக்குதான். கப்பல் ஏறியவர்களில் கொலைகாரர்கள் மிகச் சிலர். பலருக்கு விதித்தது ஏழு வருடம். ஆனால் காலம் முடிந்தவர்களைத் திருப்பி அனுப்ப அரசாங்கம் கப்பல் கொடுக்கவில்லை. கூலிக்காரனும் வேலைக்காரியும் அத்தனை கடல் தாண்டக் காசுக்கு எங்கே போவார்கள்? ஏழு வருடம் ஆயுளாகிவிட்டது. அவர்களைக் குடியேற்றிய மண்ணும் வெறும் மண் அல்ல. அங்கே காலகாலமாக வாழ்ந்த பழங்குடிகளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது.

மேரி 1859 வரை வாழ்ந்தாள். சாகும்போது அவள் வழியில் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று முந்நூறு பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்களாம். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் கெவின் ரட் அந்த வம்சத்தில் வந்தவர்.

கட்டுரை புத்தகமாக வந்தால், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
தென்காசி