'முதல்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி

தருமபுரி மாவட்டத்தில் அலுவலக அறிவிப்புகள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். பென்னாகரத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன மாதம் மலையோரத்து ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஓர் அலுவலகச் சுவரில் இப்படி ஒட்டியிருந்ததாம்: 'திங்கட்கிழமை முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அட்டை வழங்கப்படும்.' அக்கா அதற்கு முந்தைய வாரமே விண்ணப்பித்தவர். திங்களுக்கு அப்புறம் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அட்டை என்று நினைத்து, புதிதாக இன்னொரு மனு எழுதித் தரச் சொன்னார். விசாரித்தால், அவருடைய அட்டை தயாராகவே இருந்தது. ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். அலுவலகம் சொல்ல வந்தது இது: 'திங்கட்கிழமை முதல், விண்ணப்பித்தவர்களுக்கு அட்டை வழங்கப்படும்.'

அக்கா தப்பாகப் படிக்கவில்லை. தமிழில் வாக்கியத்தை முடிக்கிற வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். தொடக்கத்தில் வைக்கிற நாளோ இடமோ அதுவரைக்கும் நடந்து போக வேண்டும். வழியில் 'வாங்கிய', 'விண்ணப்பித்தவர்' மாதிரி ஒரு சொல் நின்றால் அதோடு ஒட்டிக்கொள்ளும். 'நேற்று மாங்காய் வாங்கிய வியாபாரி பணம் கொடுத்தார்.' வாங்கியது நேற்றா, கொடுத்தது நேற்றா? 'நேற்று' என்பதற்குப் பின் காற்புள்ளி வைத்தால், கொடுத்ததுதான் நேற்று. மண்டியில் வாயால் சொல்லும்போது இந்தக் குழப்பமே வராது. குரல் அங்கே ஒரு நொடி நின்றுவிடும். சுவரில் ஒட்டிய தாளுக்குக் குரல் இல்லையே.

பழந்தமிழில் ஏது கமா என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், ஓலைச்சுவடியில் அது கிடையாது. நம் பக்கத்து நடுகற்களிலும், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்களிலும், கிடையாது. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு என்று தொடங்கி, தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான், என்கிற மாதிரி முடியும் வாசகங்கள் அவற்றில் பல. அந்த அமைப்பு எல்லாருக்கும் பழகியது, சொல்லும் செய்தியும் ஒன்றுதான். நம் அறிவிப்பில் தேதி, தகுதி, இடம், நிபந்தனை எல்லாம் ஒரே வாக்கியத்தில் நெருக்கியடிக்கின்றன. ஐரோப்பிய அச்சோடு வந்த குறிகளை 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் எடுத்தாண்டார். அவருக்கு ஆகிவந்தது நமக்கும் ஆகும்.

எல்லாத் தொடக்கத்துக்கும் போடச் சொல்லவில்லை. 'நாளை அலுவலகம் விடுமுறை' என்பதில் காற்புள்ளிக்கு வேலை இல்லை. ஆகவே, எனவே போன்ற சொற்களுக்குப் பின் போடுவதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதை யாரும் மறப்பதுமில்லை. மறந்துபோவது 'முதல்', 'வரை', 'அன்று', 'பிறகு' என்று முடியும் தொடர்களில்தான். அதுவும் பக்கத்திலேயே 'வாங்கிய', 'விண்ணப்பித்தவர்' மாதிரி ஒரு சொல் நிற்கும்போது.

தாளை ஒட்டுவதற்கு முன்னால், விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வாசலில் காத்திருக்கும் யாராவது போதும். என்ன புரிந்தது என்று கேளுங்கள். வேறு மாதிரி புரிந்திருந்தால், தொடக்கத் தொடர் முடிகிற இடத்தில் பேனாவாலேயே ஒரு காற்புள்ளி போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

அன்புடன்,
பென்னாகரத்திலிருந்து ஒரு மனு எழுத்தர்