வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு முழுக்க நடு அமெரிக்காவின் மாயா நாகரிகம் ஒன்றையே படித்தோம். கூட்டத்துக்குக் கூட்டம் ஆர்வம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கி.பி. 250 முதல் 900 வரை மாயாக்களின் பொற்காலம். தீக்கால், கலக்முல், பலென்கே, கோபான் எல்லாம் தனித்தனி அரசுகள். ஒரே பேரரசாக அவர்கள் இருந்ததே இல்லை. 562-ல் தோற்றுப்போன தீக்கால், 695-ல் கலக்முலைத் தோற்கடித்த கதையைக் கேட்டபோது யாருக்கும் எழுந்துபோக மனம் வரவில்லை.

எண் கூட்டம்தான் இந்த ஆண்டின் சிறப்பு. மாயாக்களுக்குப் புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி சுழியம். புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, சோழி வைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு வரிசை மேலே போனால் மதிப்பு இருபது மடங்கு; கீழ்வரிசையில் சோழி, மேல்வரிசையில் ஒரு கொட்டை வைத்தால் 20. பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களை முந்திவிட்டார்கள்.

எழுத்து பற்றிய கூட்டம் மனதைக் கனக்க வைத்தது. 1562-ல் மானி என்ற ஊரில் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே. அவரே எழுதிவைத்த ஒலிக்குறிப்பை வைத்துத்தான் 1952-ல் ரஷ்ய அறிஞர் யூரி கனோரசோவ் அந்த எழுத்தைப் படிக்க வழி கண்டார்.

மாயா நகரங்களின் வீழ்ச்சிக்குக் காரணம் எது என்பதில் நமக்குள் கடும் விவாதம். நீண்ட வறட்சி, ஓயாத போர், காடழிப்பு, மன்னர்மேல் மக்கள் நம்பிக்கை இழந்தது என ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் சேர்ந்தே அடித்தன என்பது என் கருத்து. ஆனால் கோபானின் கடைசிப் பலிபீடக் கல்லின் படத்தை யாரும் மறக்க மாட்டோம். ஆண்டு 822. ஒரு பக்கம் செதுக்கி முடித்திருக்கிறது. அடுத்த பக்கம் தொடங்கியதோடு நிற்கிறது. மற்ற இரண்டும் வெறும் கல். சிற்பி உளியை வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

நகரங்கள் காலியானாலும் மக்கள் அழியவில்லை. வடக்கே சிச்சென் இட்சா அதன்பிறகும் செழித்தது. நோஹ்பெத்தேன் என்ற மாயா நகரம் 1697 வரை ஸ்பானியருக்குப் பணியவில்லை. இன்றும் பல லட்சம் பேர் மாயா மொழிகள் பேசுகிறார்கள். 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்தா மென்சூ அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்தை இன்றைய மாயா மக்களுக்கே ஒதுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்