எங்கள் கொல்லை மாமரத்துக்காக நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

கடந்த பத்து நாள்களாக எங்கள் கொல்லையில் நடந்தவற்றை இத்தெருவில் அறியாதவர் இல்லை என்பதால் அவற்றைத் திரும்ப எழுதவில்லை. அடுத்த வீட்டு ஓட்டின்மேல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் வெட்ட ஆள் அழைத்திருந்த மாமரம் இன்னும் நிற்கிறது, நேற்றிரவுதான் வீட்டில் எல்லோரும் தூங்கினோம்.

முதல் நன்றி, மரத்தை வெட்ட வந்து வெட்டாமல் திரும்பிய அந்தப் பெரியவருக்கு. கூலி பேசி, கயிறும் கோடரியுமாக வந்தவர், அடிமரத்தைச் சுற்றிக் கோடரியின் பின்புறத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் தென்கிளையைப் பிய்த்தெறிந்த இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டது. மற்றெல்லாப் பக்கமும் கட்டை கணீரென்றது. அந்தப் பொந்தில் மறு ஆண்டு சிமென்ட் பூசி அடைத்தது நான்தான். காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது; இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் மழைநீர் இறங்கித் தங்கி, நல்ல கட்டையையும் இற்றுப்போகச் செய்திருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் புயலுக்குப் பிறகு இப்படி அடைத்தவன் நான் ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது என்பதாலேயே இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

பெரியவர் கோடரியை வைத்துவிட்டுச் சிற்றுளியை எடுத்தார். காயத்தின் விளிம்பில் ஏழாண்டுகளாக உருண்டு திரண்டு வந்திருந்த புதுப்பட்டையில் ஒரு கீறலும் படாமல், சிமென்டைச் சில்லுசில்லாகப் பெயர்த்தெடுக்க அவருக்கு மாலைவரை ஆயிற்று. உதிரும் மக்கை மட்டும் கையால் வாரினார். உள்ளே நல்ல கட்டை தெரியும்வரை சுரண்டிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, “மரத்துக்குப் புண்ணு ஆறாதுங்க, மூடிக்கும். உள்ள அதுவே ஒரு சுவரு வச்சிருக்கும், அத நாம ஒடைக்கக் கூடாது” என்றார். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னதும் இதுவே என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். வண்டுத் துளைகளில் சைக்கிள் கம்பியை விட்டுப் புழுக்களை இழுத்துப் போட்டார். ஓட்டுப்பக்கம் சாய்ந்த கிளையின் நுனிப் பாரத்தைக் குறைத்தார். கூலி வாங்கவில்லை. மறுநாள் காலை, கேட்காமலேயே, தம் வீட்டுக் கவைக்கம்பு ஒன்றைத் தோளில் சுமந்து வந்து அந்தக் கிளைக்கு முட்டுக் கொடுத்தார்.

தங்கள் ஓட்டின்மேல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்திலும் பத்து நாள் பொறுத்த அடுத்த வீட்டார், கயிறு பிடித்த இளைஞர்கள், பொந்தைச் சுற்றி நல்ல கட்டை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து சொன்ன வேளாண் கல்லூரி மாணவி ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

இனி அந்தக் காயத்தில் சிமென்டோ தாரோ என் கையால் படாது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் பெரியவரை அழைத்து மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்வதாக இருக்கிறோம். அப்போதாவது அவர் கூலியை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இம்மடல் வழியே கேட்டுக்கொள்கிறேன்.