கட்டிலருகே ஒரு நாற்காலி போடுங்கள்

மகப்பேறு மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் இரண்டு குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறந்தார்கள். இரண்டாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்கவில்லை. சரியான நேரத்தில் ரத்தம் ஏற்றியிராவிட்டால் இந்த மடலை எழுத நான் இல்லை. எனவே மருத்துவச்சிகளின் காலம் பொற்காலம் என்று வாதாட வரவில்லை.

ஆனால் மருத்துவச்சி என்றாலே அறியாமை என்று நீங்கள் பேசும்போது வியன்னா நினைவுக்கு வருகிறது. 1840களில் அந்நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த முதல் பிரிவில் தாய்மார்களில் சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் நான்கு பேருக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டு மன்றாடினார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம். (மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை, அவ்வளவுதான்.) 1847இல் அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் நீரில் கை கழுவ வைத்ததும் சாவு மளமளவென்று குறைந்தது. அப்போதும் உங்கள் முன்னோர் பலர் அவரை நம்பவில்லை.

பிறகு 1930களில் கிருமித் தொற்றை அடக்கும் சல்ஃபா மருந்துகள், அடுத்துப் பெனிசிலின், ரத்த வங்கி. என்னைக் காப்பாற்றியவை இவை. மல்லாந்து படுத்த கட்டில் அல்ல. முதல் பிரசவத்தில் பத்து மணி நேரம் அப்படிக் கிடந்தேன். வயிற்றில் இதயத் துடிப்புக் கருவியின் பட்டை; புரண்டால் அதட்டல். வந்தவர்கள் எல்லாரும் கருவி துப்பிய காகிதத்தைப் பார்த்தார்கள், என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இரவுப் பணிக்கு வந்த செவிலி ஒருவர் மட்டும் இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து வலி எழும்போதெல்லாம் அழுத்திக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பத்து நிமிடம்தான் மருத்துவச்சியின் தொழில். அதைத்தான் திருப்பிக் கேட்கிறேன். விரும்பிய துணை உடனிருக்கட்டும், உட்கார்ந்தோ நின்றோ பெறட்டும், வழக்கம் என்பதற்காகப் பிறப்பு வாயை வெட்டிப் பெரிதாக்கக் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக அவசரப்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. நான் புதிதாகச் சேர்ப்பது ஒரு நாற்காலி. அதில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவரை உட்கார வையுங்கள். உட்கார வைத்துவிட்டு, பத்துக் கட்டில்களை அவர் தலையில் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டு முறை உங்கள் கட்டிலில் படுத்தவள்