இரவில் யார் கூட இருப்பது?

திருகோணமலை

அன்பின் மஞ்சு,

உன் குரல்பதிவு வந்து சேர்ந்தது. கனடாவில் நீ வேலை செய்கிற பராமரிப்பு வீட்டில் இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டு பேசியிருக்கிறாய் போல, காற்றுச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதிக்கே நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே வாடை தொடங்கிவிட்டது, கடற்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அம்மா சுகம். முழங்கால் நோவோடும் வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறாமல் விடமாட்டார். தம்பியின் மகளுக்கு வைகாசியில் கலியாணம். நீ வரத்தான் வேணும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். சிறுவர் இல்லங்களில் வளர்ந்து 18 வயதைத் தாண்டுகிற விசேட தேவையுள்ள பிள்ளைகளை அடுத்து எங்கே, யாருடன் வைப்பது என்று இங்கே ஒரு திட்டம் எழுதும் முயற்சி நடக்கிறது. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம், ஓட்டிசம், வலிப்போடு சேர்ந்த அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று பலவிதமான பிள்ளைகள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் குடும்பம் சிதறி வந்தவர்கள் இன்று வளர்ந்த ஆட்களாகிவிட்டார்கள். போக இடமில்லாமல் சிலர் அதே கட்டிலிலேயே கிடக்கிறார்கள். சிலரை முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். இன்னும் சிலரை, அதுவரை எட்டியும் பார்க்காத ஒரு மாமன் முறையானவர் வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிப் போகிறார். அந்த மூன்றாவது வகையை நினைத்தால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை.

முதல் கூட்டத்தில் பெரும்பாலும் காணியைப் பற்றித்தான் கதை. பாலையூற்றிலா, நிலாவெளிப் பக்கமா, எத்தனை பேர்ச், யாரைக் கொண்டு அடிக்கல் நாட்டுவது. பெரிய இல்லமாகக் கட்டினால் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். ஒரு விடுதியிலிருந்து எடுத்து இன்னொரு விடுதியில் போடுவதற்கு ஏன் திட்டம் என்று கேட்டேன். கட்டடம் கொடுக்க ஆட்கள் வருவார்கள் மஞ்சு. வெளிநாட்டு ஊர்ச்சங்கம் கொடுக்கும், கோயில் கொடுக்கும், பெயர்ப்பலகையும் வைத்துத் தருவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இரண்டு அன்ரிமாருக்குப் பத்து வருடம் சம்பளம் கொடுக்க ஒருவரும் வருவதில்லை. அதனால்தான் அது அரசின் வேலை என்கிறேன். நான் எழுதிக் கொடுத்த குறிப்பின் முதல் வரி இதுதான்: இரவில் யார் கூட இருப்பது, அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன். இல்லத்தில் 19 வயதுப் பிள்ளை ஒருத்தி. பெயர் வேண்டாம். பேச்சு மிகவும் குறைவு. வெங்காயம் உரிப்பாள், சின்னவர்களுக்குத் தலை பின்னிவிடுவாள். வலிப்பு இருக்கிறது. அவளுடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மட்டை கிழிந்துபோனதால் பழைய கலண்டர் தாளால் உறை போட்டிருக்கிறார்கள். உள்ளே வைத்தியரின் கிறுக்கல், அதற்குப் பக்கத்தில் பென்சிலால் அன்ரியின் எழுத்து: “வெறும் வயிற்றில் குடுத்தால் சத்தி எடுப்பாள். சோத்துக்குள் ஒளிக்க வேண்டாம், பிறகு அந்தச் சோறு தொடமாட்டாள். கையில் வைத்தால் தானே போடுவாள். மாத வருத்தத்துக்கு முந்தின கிழமை கவனம்.” வைத்தியர் எழுதியது ஆசுபத்திரியிலும் இருக்கும். இந்தப் பென்சில் எழுத்து வேறெங்கும் இல்லை, அந்த அன்ரியின் தலைக்குள் இருப்பதைத் தவிர. இந்தப் பிள்ளையை ஒரு நாள் காலையில் ஓட்டோவில் ஏற்றி வேறு வீட்டில் விட்டால், அன்று இரவே அவளுக்கு மருந்து தப்பலாம். ஆகவே அந்த அன்ரியும் சில மாதமாவது கூடப் போக வேண்டும், அதற்கும் சேர்த்துக் காசு ஒதுக்க வேண்டும் என்று எழுதினேன். “அதெல்லாம் சின்ன விசயம், பிறகு பார்க்கலாம்” என்றார் ஒருவர்.

சின்ன விசயமில்லை. தென்னாபிரிக்காவில், கௌடெங் மாகாணத்தில், 2016 இல் நடந்ததை அந்தக் கூட்டத்தில் சொன்னேன். லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிலையங்களோடு இருந்த ஒப்பந்தத்தை மாகாண அரசு முறித்து, அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளரையும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களையும் அவசர அவசரமாக வெளியே அனுப்பியது. போன இடங்கள் சின்னச் சின்ன அமைப்புகள். செல்லுபடியான அனுமதி இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை, சாப்பாடுகூடப் போதவில்லை. பலர் கோப்பு இல்லாமலே போனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்பது குடும்பத்துக்கே தெரியாது. 144 பேர் செத்தார்கள். “சமூகத்தோடு வாழ வைக்கிறோம்” என்ற நல்ல பேச்சும் செலவுக் குறைப்பும் சேர்ந்துதான் இதைச் செய்தன. இதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் காணியைப் பற்றிக் கதைக்கவில்லை.

உங்கள் பக்கத்துக் கதையும் எனக்குத் தேவை. ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரில்லியாவில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1876 இல் தொடங்கிய ஹியூரோனியா நிலையம் 2009 மார்ச் 31 இல்தான் மூடப்பட்டது. மூடப்போவதை 2004 இலேயே அறிவித்து, மிச்சம் இருந்தவர்களுக்கு இடம் தேட வருடக்கணக்கில் எடுத்தார்கள். அதற்கு முன் அங்கே நடந்த கொடுமைகளுக்காக வழக்குப் போட்டு, 2013 இல் 35 மில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது, அப்போதைய ஒன்ராறியோ முதலமைச்சர் கத்லீன் வின் சட்டசபையில் மன்னிப்பும் கேட்டார். ஆனால் நீ சொன்ன இன்னொரு சங்கதிதான் என்னை உறுத்துகிறது. நிலையத்துக்கே போகாமல் வீட்டில் வளர்ந்தவர்கள், கிழடான தாய் தகப்பனோடு, இடத்துக்காக வருடக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்களே. இங்கேயும் அதே கதை வரும். மூதூரில், கிண்ணியாவில், தம்பலகாமத்தில் எத்தனை அம்மாமார் “எனக்கு முதல் இவன் போயிட வேணும்” என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். தாய் வாயில் அப்படி ஒரு வேண்டுதல் வரக்கூடாது. இல்லத்துப் பிள்ளைகளுக்குப் போடும் திட்டத்தில் இவர்களையும் எழுதச் சொல்லி நிற்கிறேன்.

பேப்பர் வேலை ஒரு தனிக் கதை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு முதலில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை. அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் உதவித்தொகை கைக்கு வராது. 18 ஆன பிறகு ஓடித்திரிவதை விட்டு, 14 வயதிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு கோப்புத் திறந்து, பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவரைப் பொறுப்பாகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

வீடு எப்படி இருக்க வேணும் என்றும் எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கு மேல் வேண்டாம், வாடகை வீடே போதும், பெரியாசுபத்திரிக்குக் கிட்டவாக. இது திருகோணமலை, ஆகவே இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கிண்ணியாப் பிள்ளைக்கு நோன்பும் ஹலால் சாப்பாடும், கந்தளாய்ப் பிள்ளைக்குச் சிங்களம், வாய் பேசாத பிள்ளைக்கு அது கேட்டு வளர்ந்த மொழி. தமிழ் மட்டும் விளங்குகிற ஒரு பிள்ளையைத் தூரத்துத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சில மாதத்தில் திரும்பி வந்தபோது மெலிந்துபோயிருந்தான், கிட்ட வந்தால் கையை ஓங்கினான்.

ஒவ்வொருவரிடமும் எங்கே, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கவும் வேண்டும். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 19 ஆவது உறுப்புரை அதைத்தான் சொல்கிறது, இலங்கை 2016 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியும் விட்டது. “இவர்களிடம் கேட்டு என்ன பிரயோசனம்” என்பவர்களிடம் அந்தக் கிளினிக் கொப்பிப் பிள்ளையைக் காட்ட வேண்டும். இரவில் யாருக்குப் பக்கத்தில் படுக்க விருப்பம் என்று கேட்டால் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஆளுக்குப் பக்கத்தில் விரிப்பாள்.

கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்ததிலிருந்து இதையெல்லாம் சபையில் எழும்பிக் கேட்க, தெரிவான ஆள் இல்லை. அதிகாரிகளில் இரண்டு மூன்று பேர் மனதோடு நிற்கிறார்கள், அவர்களைப் பிடித்துத்தான் தள்ள வேண்டும்.

உன்னிடம் கேட்பது இவ்வளவும்தான். நீ வேலை செய்கிற வீட்டில் ஒரு இரவுக்கு எத்தனை பேர் வேலை, விழித்திருக்கும் வேலையா படுத்திருக்கும் வேலையா, வேலை மாறும்போது அடுத்த ஆளுக்கு எழுதிவைக்கிற படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள்? பெயர் எதுவும் இல்லாத வெறும் படிவம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்ப விடுவார்களா என்று மேலாளரிடம் கேட்டுப் பார். அடுத்த கூட்டம் தைப்பொங்கல் கழிந்து. அதற்கு முதல் கிடைத்தால் தமிழில் மாற்றிக் கையோடு கொண்டுபோவேன்.

அன்புடன்,
வசந்தி